பதினேழு

பட்டர்வொர்த் படகுத்துறையில் இறங்கும்போதே எண்ணிவிட்டேன்.
பதினேழு தலை.
பதினேழு தண்ணீர்ப் போத்தல், பதினேழு மஞ்சள் தொப்பி.
ஒரு தொப்பி மட்டும் சிறியது.
ரங்கபாஷ்யம் சார் அதைத் தலையில் தாங்கி நின்றார்,
சடாரி சாதித்துவிட்டு எடுக்க மறந்ததுபோல.

வேன் ஓட்டுவது அஸ்ஹார்.
அவருக்குத் தமிழில் மூன்று சொல் தெரியும்:
வாங்க, போலாம், மூத்திரம்.
இந்தத் தொழிலுக்கு அது போதும்.

முதல் நிறுத்தம் செரோக் தோ குன்.
மாதா கோயில் வளாகத்தில் ஒரு பாறை.
பாறையில் எழுத்து,
வெளிச்சம் சாய்ந்தால்தான் எழுத்து,
இல்லாவிட்டால் கீறல்.
"நம்ம எழுத்தாம்மா?"
பல்லவர் கால எழுத்தைப் போல என்கிறார்கள், என்றேன்.
"போல" என்பதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.
கைதட்டினார்கள்.
பாறையோடு படம் எடுத்தார்கள், பாறை தெரியாமல்.
ஹெலன் மேரி மட்டும் விலகிப் போய்
மெழுகுவத்தி ஏற்றிவிட்டு ஓடி வந்தாள்.
பதினாறு. பதினேழு. போலாம்.

குவார் கெப்பாவில் இறங்கியதும்
கோபம் வந்துவிட்டது அவர்களுக்கு.
தூண் இல்லை, கோபுரம் இல்லை,
உடைந்த சிலையின் ஒரு மூக்குகூட இல்லை.
மண்ணில் வெள்ளை வெள்ளையாகச் சிப்பி.
"இது குப்பைதானே?"
ஆமாம் சார், குப்பைதான்.
தின்றுவிட்டுப் போட்டது.
மேடு மேடாய்க் கிடந்ததைச்
சுண்ணாம்புக்கு அள்ளிக்கொண்டு போனார்கள்.
மிச்சத்தில் ஒரு பெண் படுத்திருந்தாள்,
ஐயாயிரம் வருஷத்துக்குக் குறையாமல்.
கடல் அப்போது இங்கே பக்கத்தில் இருந்தது.
அதுதான் எழுந்து போய்விட்டது, அவள் இல்லை.

சதக்கத்துல்லா அண்ணன் கேட்டார்:
"அந்தம்மா என்ன பாஷை பேசினாங்களாம்?"
என் அட்டையில் அதற்குப் பதில் இல்லை.
வெயில் வேறு.
வாயில் சொன்னேன்:
மட்டிக்குள் மணல் கடித்தால்
எந்தப் பாஷையில் துப்புவோமோ, அது.
சிரிப்பார்கள் என்று நினைத்தேன்.
அவர் நாக்கைப் பல்லில் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

பெனாகா கரைக்குப் போனபோது நீர் வற்றியிருந்தது.
கடல் எங்கோ தூரத்தில் ஒரு கோடு.
நடுவில் சேறு, சேற்றில் வானம்.
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு
ஆளாளுக்கு ஒரு திசையில் இறங்கிவிட்டார்கள்.
நாலேமுக்காலுக்கு எண்ணினேன்.
பதினெட்டு.

மறுபடி.
தொப்பியை எண்ணினால் பதினேழு,
தலையை எண்ணினால் பதினெட்டு.
குறைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று
பயிற்சியில் சொல்லித் தந்தார்கள்.
கூடினால்?

ரங்கபாஷ்யம் சாரின் வழுக்கை
வெறுமனே மின்னிக்கொண்டிருந்தது.
அவருக்கு நாலடி தள்ளி
கைலியைத் தூக்கிச் செருகிக் குந்தியிருந்த ஒருத்தி,
பக்கத்துக் கம்பத்துக்காரி போல,
சேற்றைத் துழாவி மட்டி எடுத்து
வாளியில் போட்டுக்கொண்டிருந்தாள்,
வெற்றுச் சிப்பியை முதுகுக்குப் பின்னால் எறிந்தபடி.
எங்கள் தொப்பி
அவள் தலையில் அளவாக உட்கார்ந்திருந்தது.

"வெயில்ல இருந்தாங்க," என்றார் சார்.
வேறு விளக்கம் கொடுக்கவில்லை.
அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்,
என் ஆள்காட்டி விரல் இன்னும் நீண்டிருந்தது.
ஏதோ கேட்டாள். காற்றில் விழவில்லை.
அஸ்ஹார் கரையிலிருந்து கத்தினார்: வாங்க!
அவளும் எழுந்து நின்றாள்.
பிறகு சிரித்துவிட்டுக் குந்தினாள்.

திரும்பும் படகில் இருட்டிவிட்டது.
எதிரே ஜார்ஜ்டவுன் விளக்குகள்.
மரக்கறி தவிர வேறு தொடாத சார்
கைக்குட்டையில் ஒரு சிப்பி முடிந்து வைத்திருந்தார்,
நாற்றம் வந்தது.
"எண்றப்போ உங்களையும் சேர்த்தா எண்ணுவீங்க?"
இல்லை சார், என்றேன்.
"ஏன்?"

படகு கரையை இடித்தது.
பதினேழு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.