வாடகைப் பெட்டி

முந்நூற்றுப் பன்னிரண்டு கிரேட்.
ஒவ்வொன்றின் விலாவிலும் மஞ்சள் பெயிண்டில்
‘மாதேஸ்வரி, ராயக்கோட்டை’.
இடம் பத்தாமல் சிலதில் வெறும் ‘மாதே’.

தக்காளி என்னுடையதல்ல.
லாரியும் அல்ல.
காலிப் பெட்டிக்கு நாள் வாடகை மூன்று ரூபாய்,
அதுதான் என் வெள்ளாமை.

லோன் கேட்டுப் போனபோது மேனேஜர் கேட்டார்,
கடைக்குப் பெயர்ப்பலகை உண்டா?
கோயம்பேட்டில் பாருங்கள் என்றேன்,
கோலாரிலும்.

கிலோ இரண்டு ரூபாய்க்கு விழுந்த வாரம்
சாந்தப்பன் ரோட்டோரம் கொட்டிவிட்டு
பெட்டிகளைக் கழுவித் திருப்பித் தந்தான்.
நோட்டில் அவன் பக்கத்தைத் திறந்தேன்.
தொகையை எழுதினேன்.
கெடு எழுதவில்லை.

நேற்று
ஓசூர்ப் பூக்கடையொன்றில்
என் பெயருள்ள பெட்டியில்
ரோஜா குவித்திருந்தார்கள். வாசனைதான்.
நான்கு மாத வாடகை,
பைசா குறையாமல் வாங்கினேன்.