கல்லட்டி, பதினேழாவது வளைவு

'இரண்டாம் கியரில் செல்லவும்' என்கிறது பலகை.
யாரிடம்?
என்னைக் கேட்காமலே கார் முடிவெடுத்துவிட்டது,
ஒரு செருமல்கூட இல்லை.
முந்நூறு குதிரைகளும்
பூனைபோல் இறங்குகின்றன.
இடது கால் மட்டும்
வேலை போனது தெரியாமல்
வளைவுக்கு வளைவு
தரைவிரிப்பை மிதிக்கிறது.

கூடலூரிலிருந்து சைதலவி அழைக்கிறார்,
என் பழைய ஜீப்பை வாங்கியவர்.
"மூணாவது விழவே மாட்டேங்குது சார்,
நீங்க எப்படிப் போட்டீங்க?"

ஓரங்கட்டினேன்.
பதினோரு வருஷம் போட்டது,
சொல்ல வரவில்லை.
கண்ணை மூடியதும்
வெறுங்காற்றில் கை போகிறது:
மேலே, நடுவில் ஒரு மூச்சு,
வலப்பக்கம் லேசாகக் கெஞ்சி,
மறுபடி மேலே.
காலும் கூடவே அமுக்குகிறது.

"வெச்சிடாதீங்க சைதலவி.
கைக்கு வந்திருச்சு.
வாய்க்குத்தான் வரணும்."