இடக்கைக்குத் தெரியும்

பாசையூர் நண்டுக் கொம்பனிக்குக்
காலை ஆறு மணிக்குப் போனால்
அவித்த நண்டு மலையாய்க் கிடக்கும்.
கிலோக் கணக்கில் கூலி.
சதை அமெரிக்காவுக்கு,
கோது குப்பைக்கு,
நாற்றம் எனக்கு.

மாதத்தின் முதற்கிழமை
முதலாவது கிலோ தாவொங்காவுக்கு.
தராசில் வைக்கும்போதே
அதை வேறாக நினைத்துக்கொள்வேன்.

வலக்கை கொடுப்பது
இடக்கைக்குத் தெரியக்கூடாது என்று வேதத்தில் இருக்கிறது.
நண்டு உடைக்கிறவளுக்கு அது சரிவராது, ஆண்டவரே.
வலக்கையில் கத்தி, இடக்கையில் கொடுக்கு.
வெட்டுப்படுவது இடக்கை.
அதுக்குத் தெரியாமல் ஒரு சதமும்
என் வீட்டுக்கு வந்ததில்லை.

"கண்டறியாத ஆபிரிக்கா" என்றாள்
பக்கத்து வாங்கில் இருக்கிற கித்தேரியம்மா.
"எங்கட பிள்ளையள் இஞ்ச
சப்பாத்தில்லாமல் பள்ளிக்கூடம் போகுதுகள்.
உன்ர குசினிக்கு ஒழுங்கான தகரமில்லை.
இதுக்குள்ள உனக்கு மலாவி."
அவள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை.
நான் மறுமொழி சொல்லவுமில்லை.
என் மறுமொழி ஒரு படமாக
அலுமாரிக்குள் கிடக்கிறது.

மடுக்கோயில் வளவு, அகதி முகாம்.
எனக்கு எட்டு வயது.
படம் பிடிக்க வந்தவர்
தலையிலிருந்த சிவப்பு றிபனைக் கழற்றச் சொன்னார்.
படம் பிடிக்கினம் என்று
அம்மா காலையில்தான் அதை யாரிடமோ
இரந்து வாங்கிக் கட்டியிருந்தா.
சிரிக்கவேண்டாம் என்றும் சொன்னார்.
நான் சிரிக்கவில்லை.

அந்தப் படத்தைப் பார்த்து
நோர்வேயில் ஒரு மனிசி
ஆறு வருஷம் கொப்பியும் சட்டையும் அனுப்பினா.
சட்டையெல்லாம் கம்பளி.
வன்னி வெய்யிலில் அதை நிலத்தில் விரித்துப் படுத்தோம்.
இங்கெபோர்க் என்று பெயர்.
அம்மாவுக்கு வாய் வராது.
இரவுச் செபத்தில் "இஞ்சிபோர்க்" என்பா.
கடவுளுக்கு ஆள் விளங்கியிருக்கும்.

பங்குச் சுவாமி மேசையில் படங்களைப் பரப்பியபோது
எல்லாப் பிள்ளைகளும் சிரியாமல் நின்றார்கள்.
ஒருத்தி ஏரிக்கரைக்காரி.
தகப்பன் வள்ளத்தில் போனவர், திரும்பி வரவில்லை.
அந்த வசனம் எனக்குப் பாடம்.
அவளை எடுத்தேன்.
எடுத்தேன் என்பது பிழை,
சந்தையில் மீன் தெரிவதுபோல் இருக்கிறது.
வேறு சொல் இன்னும் கிடைக்கவில்லை.

முதற் கடிதத்தில் எழுதியது இவ்வளவுதான்:
அடுத்த படத்துக்கு
உனக்குப் பிடித்த சட்டையைப் போட்டுக்கொண்டு நில்.
சிரிப்பு வந்தால் சிரி.

பிறகு அந்த வருஷம் வந்தது.
மண்ணெண்ணெய் இல்லை, வள்ளம் இறங்கவில்லை,
நண்டு இல்லை, கூலி இல்லை.
வங்கியில் கேட்டால்
டொலர் இல்லை என்று கண்ணாடிக்குள்ளால் கைவிரித்தார்கள்.
நாலு மாதம் ஒன்றும் போகவில்லை.
வெட்கத்தில் கடிதமும் எழுதவில்லை.

ஐந்தாம் மாதம் அங்கிருந்து வந்தது.
சுவாமி வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னார்:
"உங்கள் ஊரில் எண்ணெய்க்கு வரிசையாம்.
ஞாயிறு பூசையில் உங்கள் பெயரைச் சொன்னோம்.
வகுப்பில் எல்லாரும் சோளம் விற்றுக் காசு சேர்த்தோம்.
அதை உங்களுக்கு எப்படி அனுப்புவதென்று
ரீச்சருக்கும் தெரியவில்லை.
அதனால் ஒரு பேடு வாங்கினோம்.
அது உங்களுடையது.
முட்டையிட்டால் எழுதுகிறேன்."

கூடவே ஒரு படம்.
மஞ்சள் சட்டை, கக்கத்தில் கோழி,
முன்பல் இரண்டு இல்லாத வாய்
காது வரைக்கும் திறந்து கிடந்தது.
சுவாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித்
துடைத்துக்கொண்டே இருந்தார்.

வள்ளங்கள் திரும்ப இறங்கி
கொம்பனி திறந்த முதல் நாள்
கித்தேரியம்மாவுக்குப் படத்தைக் காட்டினேன்.
"கண்டறியாத கோழி" என்றாள்.
ஈரக்கை படாமல்
ஓரத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தாள்.

இப்போது கிழமைக்கு ஒருதரமாவது கேட்கிறாள்:
"உன்ர பேடு முட்டையிட்டதோ?"
இன்னும் கடிதம் வரவில்லை என்கிறேன்.
"அடைகிடக்குதோ தெரியாது" என்கிறாள்,
கொடுக்கொன்றைத் தட்டி உடைத்தபடி.