இருநூற்றுப் பதினான்காம் படி

அதற்குப் பஃபலோ என்று பெயர்.
எங்கள் வீட்டில் எருமை.
பீப்பாய் உடம்பு, குட்டை மூக்கு,
ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் துண்டுகள்,
மோட்டாருக்குத் தனி விலை.

யீஷூனில், பதினோராம் மாடியில்,
சாப்பாட்டு மேசையை அது பிடித்துக்கொண்டு ஏழு வாரம்.
நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம்,
அதுவும் தனித்தனியாக.

எனக்கு இரவு வேலை. பீஷான் பணிமனையில்
ரயில்கள் படுத்த பிறகு அடியில் நுழைந்து
பற்சக்கரப் பெட்டிகளுக்குக் காது கொடுப்பேன்.
சவரிராயனுக்கு விடியல் பேருந்து.
நான் கதவில் சாவி திருகும்போது
அவன் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருப்பான்.
நாளொன்றுக்கு இருபது நிமிடம் கணவன் மனைவி.
மீதிக்கு இந்த மேசை.

அவன் துண்டுகளைப் பிரித்து வைப்பான்
தௌஹுவே வாங்கிய டப்பாக்களில்:
பச்சை, மண், சாம்பல், கண்ணாடி.
கட்டுவது நான். கட்டியதும்
ஒரு சீட்டில் எழுதிவிட்டுப் படுப்பேன்:
“நூற்றெண்பது வரை ஆச்சு.
இரண்டுக்கு நாலு சாம்பல் ஒண்ணு காணோம்.”
சாயங்காலம் எழுந்தால் அதன் கீழே அவன் கையெழுத்து:
“சோபாவுக்கு அடியில. கூடவே உன் கம்மல்.”

இந்த விமானத்துக்குக் கால்களில்தான் வித்தை.
இறக்கைக்குள் மடங்காது,
அடைகாக்கும் கோழிபோல
வயிற்றுக்குப் பக்கவாட்டில் இழுத்துக்கொள்ளும்.
விசையைத் தட்டினால்
இரண்டும் சேர்ந்து எழவேண்டும்.
இடது எழுந்தது.
வலது தொங்கியது,
குளத்துத் தண்ணீரின் குளிரை
விரல் நுனியால் சோதிப்பவன் மாதிரி.

மூன்று விடியல் அதற்கே போயிற்று.
ரயில் பெட்டியின் நோயை
அதன் முனகலில் பிடிப்பவள் நான்;
நகத்தளவு பல்லிடம் தோற்றேன்.
“எருமை ஜெயிச்சிடுச்சு” என்று எழுதி வைத்தேன்.
அன்று மட்டும் பதில் இல்லை.

சனிக்கிழமை. தேசிய தின ஒத்திகை.
நிஜமானவை நான்கு கூரைக்கு மேலே கிழித்துக்கொண்டு போக
டப்பாக்களெல்லாம் கலகலத்தன.
எதிர் புளோக்கில் ஒரு குழந்தை வீரிட்டது,
பயமோ குதூகலமோ.
அவனுக்கு ஓய்வு நாள். எனக்கும்.
எப்போதாவது இப்படி விழும்.
ஒரே பக்கத்தில் உட்கார்ந்து
புத்தகத்தை முதலிலிருந்து விரல் வைத்துப் பார்த்தோம்.
இருநூற்றுப் பதினான்கில் என் விரல் நின்றது:
அச்சில் கோக்கும் அரை வளையம்,
உள்ளே இருக்கவேண்டியது வெளியே.
தூக்கக் கலக்கத்தில் மாட்டிவிட்டேன் போல, என்றேன்.

இல்லை, நான்தான், என்றான்.
ஒரு மதியம் ஆசைப்பட்டுக் கட்டினானாம்.
இரண்டே படி.
சொல்லவில்லை.

கோபம் வரவேண்டிய இடம்.
பசிதான் வந்தது.

வளையத்தை உள்ளே தள்ளினேன்.
கால் மடங்கினால் மேசையில் எப்படி நிற்கும்
என்று கடைசி நொடியில் தோன்ற
இரு கைகளிலும் அவன் ஏந்திக்கொண்டான்,
ஞானஸ்நானத்துக்குக் கொண்டுவந்த பிள்ளையைப்போல.
தட்டினேன்.
இரண்டு கால்களும் ஒரே மூச்சில் உள்ளே போயின.
மூக்கு சுழன்றது. சின்னக் காற்று.
ஆனால் அவன் பக்கம் வரவேண்டிய காற்று
முன்னால் போய்
மேசையில் அடுக்கியிருந்த சீட்டுகளில்
மேலே கிடந்த ஒன்றைப் புரட்டியது.

“பின்னால சுத்துதுடி.”
“நாற்பத்திரண்டுல இதுங்க காலாங்கிலிருந்து
பின்வாங்கித்தானே போச்சு. அதான் பழக்கம்.”
சிரித்ததில் அவன் கை ஆட, வால் ஆட,
வாலிலிருந்து ஒரு துண்டு உதிர்ந்து
மறுபடியும் சோபாவுக்கு அடியில்.

மூக்கைத் திருப்ப வேண்டுமென்றால்
அறுபது படி கழற்றவேண்டும்.
முதலில் கீழே போய் மீ கோரெங் சாப்பிட்டோம்,
ஒரே நேரத்தில், நாற்காலியில்.

படுக்கப்போகும்போது கை தானாகச் சீட்டை எடுத்தது.
அவன் பக்கத்தில்தான் நின்றான்.
இருந்தாலும் எழுதினேன்:
“நாளைக்கு மூக்கைக் கழட்டணும். தொடாதே.”
பேனாவை வாங்கி
அதன் கீழே அவன் எழுதினான்:
“ஒரே ஒரு படி.”