ஒரே பாறை

மூன்றாவது முறையாக அந்தப் பாறையைக் கடக்கிறார்கள்.
யானை படுத்ததுபோல் ஒரு பாறை, பக்கத்தில் முறிந்த கள்ளி.
கள்ளர் முன்னால், பாட்டுக்காரன் பின்னால்,
புழுதி எல்லோருக்கும் பொது.

மருதானையில், சனிக்கிழமைப் பத்தரைக் காட்சியில்,
கலரி வாங்கில் குந்தியிருந்து
துவான் சபான் சொன்னார்:
"அந்த நெற்றிச்சுட்டியைப் பார் தம்பி.
முதல் ரீலில் கள்ளனைச் சுமந்தது,
இப்ப ஷெரீப்பைச் சுமக்குது.
குதிரைக்குக் கட்சி கிடையாது."

அவர் பந்தயத் திடலில் குதிரை தேய்ப்பவர்,
நான் துறைமுகத்தில் மூட்டை எண்ணுபவன்.
அவரில் லாய வாடை, என்னில் கருவாடும் சீனியும்.
நடுவில் ஒரு கடலைச் சுருள்.
இங்கிலீஷ் இரண்டு பேருக்கும் அரைகுறை.

பாட்டுக்காரனின் சட்டை கசங்கியதேயில்லை.
ஆற்றில் விழுவான், குன்றில் உருளுவான்,
எழும்பினால் தொப்பி தலையில்.
கண்ணெட்டிய தூரம் ஆளில்லை, கிணறில்லை,
வாயைத் திறந்தால் மட்டும்
எங்கிருந்தோ ஆறு வயலின்.
கலரி சிரிக்கும், வாங்கைத் தட்டும், விசிலடிக்கும்.
பிறகு அவன் நெருப்பண்டை உட்கார்ந்து
மாடுகளுக்குப் பாடத் தொடங்குவான்.
கலரி பேசாது.
மாட்டுக்குப் பாட்டு விளங்குமா என்று ஒருவரும் கேட்டதில்லை.
எங்களுக்கும் விளங்கவில்லை,
கேட்டுக்கொண்டுதானே இருந்தோம்.

"ஓடுகிற குதிரையில் இப்படிப் பாடினால்
நாக்கு பல்லில் அறுபடும்," என்பார் சபான்.
அடுத்த சனியும் எனக்கு முன்னால் நிற்பார்,
ஐம்பத்தைந்து சதத்தைச் சில்லறையாக எண்ணி.

அவன் சுடுவான். துப்பாக்கி மட்டும் பறக்கும்.
கள்ளன் விரலை ஊதுவான், அவ்வளவுதான்.
இரத்தம் என்ன நிறமென்று அந்தப் படங்களுக்குத் தெரியாது,
கறுப்பு வெள்ளை என்பதால் மட்டுமல்ல.

ஐம்பத்தெட்டு, மே மாதம்.
தியேட்டர் கதவில் பூட்டு.
கொம்பனித்தெருவில் சபானின் அறையில்
தைக்கக் கொண்டுவந்த சேணங்களுக்குப் பின்னால்
நாலு நாள் நான்.
வந்தவர்களில் ஒருவனுக்கும் கறுப்புத் தொப்பியில்லை.
மீசையை முறுக்கி, நான்தான் வில்லன் என்று
முன்கூட்டிச் சொல்ல ஒருவனும் இல்லை.
பலகை இடுக்கில் ஒரு வெள்ளைச் சட்டை கண்டேன்,
தோய்த்து, கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாதது.
இன்னொருவன் எங்கள் கலரியில் விசிலடிப்பவன்.
குரலை வைத்து அறிந்தேன்.

வாசலில் சபான் நின்றார்,
கையில் குதிரை தேய்க்கும் பிரஷ்.
உள்ளே யார் என்றார்கள்.
"அம்மை போட்ட மச்சான்," என்றார் சிங்களத்தில்,
"வேணுமென்றால் வந்து தொட்டுப் பாருங்கள்."
வயலின் எதுவும் வரவில்லை.
செருப்புச் சத்தம் அடுத்த வாசலுக்குப் போயிற்று.
அடுத்த வாசலில் நடந்ததை
சேணத்து வாரைக் கடித்தபடி முழுக்கக் கேட்டேன்.

கதவைச் சாத்தி வந்தவர்
பிரஷ்ஷைக் கீழே வைக்கவில்லை, விடியும்வரை.

யூலையில் தியேட்டர் திறந்தார்கள்.
போவோமா என்று நான் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை.
வரிசையில்தான் கண்டேன்,
எனக்கு மூன்று பேர் முன்னால் அவர் முதுகு.
அதே வாங்கு. அதே படம்.
இரண்டு வரிசை தள்ளி விசிலடிப்பவனும்.

யானைப் பாறை வந்தது.
எண்ணினேன், எண்ணுவதுதானே என் தொழில்:
ஒன்று. இரண்டு. மூன்று.
பொய்யென்று தெரியும்.
இத்தனை தோட்டாவிலும் ஒருவரும் சாகாத பொய்யை
ஐம்பத்தைந்து சதத்துக்கு
அந்த ஊரில் வேறெங்கே விற்றார்கள்?

நெருப்பண்டை பாட்டுத் தொடங்கியது.
பின்னாலிருந்து விசில்.
என் முழங்கால் தானாக ஆடியது.
சபான் கடலைச் சுருளை என் கையில் திணித்து,
திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:
"நெற்றிச்சுட்டி இண்டைக்குக் கொஞ்சம் நொண்டுது."

அதே ரீல். அதே குதிரை.
நானும் பார்த்தேன்.
நொண்டியது.