நாலேகால் லிட்டர்

ரத்தம் மாதிரி இருக்கும் என்றார்கள்.
ரத்தத்தை எனக்குத் தெரியும்.
வாரம் ஆறு நாள், டயாலிசிஸ் வார்டில் நாலு மெஷின்,
குழாயில் அது போவதும் வருவதும்
என் கண்ணெதிரில்தான்.
இது ரத்தமில்லை.
அடுப்பில் மறந்துபோன டிகாஷன்.

சத்துவாச்சாரி, ஃபேஸ் டூ.
மே மாத ஞாயிறு, காலை ஐந்தே முக்கால்.
வெயில் மலைக்கு அந்தப் பக்கம்
இன்னும் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறது.
எண்ணெய் இளகட்டுமென்று
கிரீன் சர்க்கிள் வரை ஒரு நடை ஓட்டிவிட்டு வந்து
பஞ்சர் கடை அப்பாஸிடம் இரவல் வாங்கிய
நாலு ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தியாகிவிட்டது.

"இன்னா பியூலா, வண்டி படுத்துக்கிச்சா?"
மாடியிலிருந்து நவநீதம்.
"இல்லக்கா, நான்தான் படுத்துட்டேன்."

ஆற்காடு ரோட்டில் மூன்று ஒர்க்‌ஷாப்.
ஆட்டோமேட்டிக்கா என்று
பாம்பைப் பார்த்தவர்களாய் பானெட்டை மூடினார்கள்.
நாலாமவர் கொஞ்சம் நல்லவர்:
"எண்பத்தேழாயிரம் கிலோமீட்டர் மாத்தாதத
இப்போ மாத்தாதம்மா.
அந்த அழுக்குதான் கியர புட்சிக்கினு கீது.
எடுத்தா வண்டி நின்னுடும்."

சென்னையில் பதினெட்டாயிரம் கேட்டார்கள்,
ஜிஎஸ்டி தனி.

என் இடது கால் கிளட்ச் மிதிக்காது.
ரெண்டு வயதில் ஒரு காய்ச்சல், அதோடு சரி.
மூன்று பெடல் வண்டியில் எனக்குப் பின்சீட்டு.
இதில்தான் ஸ்டியரிங்.

பதினான்கு போல்ட்.
பதின்மூன்று சொன்ன பேச்சு கேட்டன.
ஒன்று மட்டும் சைலன்சர் குழாய்க்கு மேல்
ஒளிந்திருக்கிறது.
தயாளன் டார்ச் பிடிக்கிறார்.
என் மூக்குக்கு, காம்பவுண்டுச் சுவருக்கு,
போர்வெல் பைப்புக்கு,
போல்ட்டைத் தவிர எல்லாவற்றுக்கும் வெளிச்சம்.

ஒரு மூலையை மட்டும் தாழ்த்தி வடிக்க வேண்டும்.
தாழ்த்தினேன்.
மறுமூலை என்னைக் கேட்காமல் தாழ்ந்தது.
முழங்கை, கழுத்து, காது மடல்.
வெதுவெதுப்பாக, கொஞ்சம் தீய்ந்த வாசனையோடு.
தயாளன் சிரிக்காமல் இருக்க
மிகவும் கஷ்டப்பட்டார்.

தட்டின் அடியில் இரண்டு காந்தம்,
சாம்பல் நிறத்தில் மயிர் முளைத்து.
விரலில் தேய்த்துப் பார்த்தேன். மாவு.
சில்லு இருந்தால் பயப்படலாம்.
மாவென்றால் வயசு.

ஃபில்டர் வந்துவிட்டது.
அதன் ரப்பர் வளையம் வரவில்லை.
மேலே, துளைக்குள், பிடிவாதமாக.
ஹேர்பின்னை வளைத்து
துளையில் கீறல் விழாமல் இருபது நிமிடம்.
நரம்பு கிடைக்காத கையில் நரம்பு தேடுவதற்குத்தான்
எனக்குச் சம்பளமே.

வடிந்ததைத் தண்ணீர் பாட்டில்களில் ஊற்றி அளந்தேன்.
நாலு லிட்டர், ஒரு நூற்றைம்பது.
என் சுடிதார் குடித்தது நூறு என்று வைத்துக்கொண்டு
நாலேகால் என்று சுவரில் எழுதினேன்.
போனது எவ்வளவோ அவ்வளவுதான் ஏற வேண்டும்.

"வண்டிக்கு மொத்தம் எட்டுன்னியே?"

மீதி கன்வர்ட்டருக்குள்ளே, கூலர் குழாய்க்குள்ளே.
அது வராது.

"அப்போ முழுசா மாறலையா?"

மாறாது.
உடம்பிலும் ஒரே நாளில் எல்லாவற்றையும் இழுத்தால்
ஆள் தாங்க மாட்டார்.
இது ரத்தமில்லை என்று சொன்னவள் நான்தான்.
சரி.

தட்டை மூடினேன். போல்ட்டுகளை
எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன்.
அளவுக்கோல் போகிற குழாயில் நீளப் புனல் வைத்து
ரோஸ் சர்பத் நிறத்தில் புதியதை ஊற்றினேன்.
ஸ்டாண்டுகளை எடுத்தோம். இன்ஜின் போட்டு
பிரேக்கில் கால் வைத்தபடி
ஒவ்வொரு கியருக்கும் மூன்று விநாடி
போய் வந்தேன், வீடு பார்க்கப் போவதுபோல்.
தயாளன் சர்ச்சுக்கு எடுத்துவைத்த வெள்ளைக் கர்ச்சீப்பில்
அளவுக்கோலைத் துடைத்துப் பார்த்தேன்.
இரண்டு கோட்டுக்கும் நடுவில்.
அவர் கர்ச்சீப்பை மட்டும் பார்த்தார்.

கேட் திறந்தாயிற்று. ரிவர்ஸ்.
பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன்.

ஒரு மூச்சு.
ஒன்றுமில்லை.
இரண்டாவது மூச்சில் நாலாமவர் குரல்,
காதுக்குள், இன்னும் காயாத எண்ணெயோடு.

பிறகு வண்டி ஒரு சின்ன விக்கல் விக்கி
நகர்ந்தது.

"போவுதாடி?" என்றாள் நவநீதம்,
கையில் பிழிந்த துணியோடு.

போவுதுக்கா.
இப்போதைக்குப் பின்னாடி.