உறை

குடிக்காதவனுக்குக் குடிகாரன் வயிறு.
முதலில் பார்த்த மூன்று பேரும்
ஈரலைத்தான் குற்றம் சொன்னார்கள்.
மூன்றாமவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்:
"உண்மையைச் சொல்லும்மா, தினமும் எவ்வளவு?"
கட்டன்சாயாவுக்கு மேல் எதையும் தொடாதவன்
ததேயுஸ் என்றால் யார் நம்புவார்?

நாலு பாகம் முங்கி
ஒரே மூச்சில் ஒரு மால் சிப்பி கொண்டுவருகிறவன்
கடியப்பட்டணம் கோயிலில்
ஏழாவது படியில் நின்றுவிட்டான்.
வீங்கின காலுக்குள் நுழையாமல்
ரப்பர் செருப்பின் வார் அறுந்தது.

நாகர்கோவிலில் டாக்டர் பெல்சிட்டா
வயிற்றைத் தொடுமுன் கழுத்தைப் பார்த்தார்,
உட்கார்ந்திருந்தும் வடியாத அந்த நரம்பை.
"முன்னே டி.பி. வந்ததா?"
வந்தது.
மூன்றாம் மாதம் இருமல் நின்றதும்
மீதி மாத்திரை மீன்கூடைக்கு அடியில் போனது.
கண்டேன், கேட்கவில்லை.
சிப்பி சீசன்.

படத்தில் இதயத்தைச் சுற்றி
வெள்ளையாய் ஒரு வளையம்.
இதயம் கெடவில்லையாம்; அதன் உறைதான்
சுண்ணாம்பாய் இறுகிக் கிடக்கிறது.
சுருங்க முடிகிறது, விரிய இடமில்லை.
எனக்கு இதை விளக்க வேண்டியதில்லை.
இருபது வருடமாய்ச் சிப்பி அவிக்கிறேன்.

ஐந்தரை மணி நேரம்.
நெஞ்செலும்பை நடுவே பிளந்து
இணுக்கு இணுக்காய் உரித்தார்கள்,
அது துடித்துக்கொண்டிருக்கும்போதே.
வெளியே பெஞ்சில் என் விரல்கள்
கத்தியில்லாமல்
தோட்டுக்கும் சதைக்கும் நடுவே
வழி தேடிக்கொண்டிருந்தன.
எத்தனை கிழித்திருப்பேன்.
கிழிந்ததைக் குழம்பில் போட்டுவிடலாம்.

"ஒரு திட்டு மட்டும் விட்டுட்டேன்,
அடியில ரத்தக்குழாய் ஒட்டிக் கெடக்கு,
இழுத்தா கிழியும்" என்றார் டாக்டர்
முகக்கவசத்தைக் கீழே இறக்கி.

குழாய் எடுத்த தொண்டையோடு
அவனிடம் சொன்னபோது
"நாங்களும் விடுவோம்லா" என்றான்,
"பாறைய மொட்டையாக்கினா
மறுவருசம் பிடிக்காது."
இது பிடிக்கக் கூடாது, மடையா.
மறுபடி மாத்திரை, முழுசாய்.
இந்தத் தடவை எண்ணுகிறவள் நான்.

அன்று ராத்திரி மூத்திரப்பை
நாலு தரம் நிரம்பியது.
நர்ஸ் ஷைனி அளந்து அளந்து எழுதினாள்.
இவ்வளவு கடலையும் எங்கே வைத்திருந்தான்?
விடியும்போது போர்வைக்கு வெளியே
இடது கணுக்கால் எலும்பு தெரிந்தது.
அதன் மேல்,
இருக்கிறதையே நான் மறந்துபோன
பழைய தழும்பு,
கல்யாணமான வருடம்
பாறை வெட்டியது.